அண்ணியின் தலைப்பெழுத்து

அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று லாரியிலிருந்து கட்டிலும் பீரோவும் பித்தளைப் பாத்திரங்களும் இறங்கின. அவற்றோடு சேர்க்காமல், வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு அண்ணி கொண்டுவந்த ஒரு மரப்பெட்டியும் இருந்தது. ஒரு செங்கல் அளவுக்குத்தான் இருக்கும். கொக்கி போட்ட மூடி. அம்மா அதை நகைப்பெட்டி என்றே முடிவு செய்து, உறவுக்காரப் பெண்களின் கண்ணில் படாமல் முந்தானைக்குள் மறைத்து உள் அறைக்குக் கொண்டுபோனாள். கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்த்தால், வரிசை வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் காய்ந்துபோன கறை மாதிரி ஏதோ ஒன்று. ஓரத்தில் பொடி எழுத்தில் திருவேற்காடு, பருத்திப்பட்டு, அம்பத்தூர் என்று ஊர்ப்பெயர்கள்.

"இது என்னம்மா?" என்று அம்மா கேட்டாள்.

"பூஞ்சைங்க, அத்தை" என்றார் அண்ணி.

அம்மா ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஊறுகாயில புடிக்குமே, அதா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதுதான் என்று அண்ணி ஒப்புக்கொண்டார். கல்யாண வீட்டுக்கு அதை ஏன் கொண்டுவர வேண்டும் என்பது அம்மாவுக்கு வெகு நாள் விளங்கவில்லை. நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பூஞ்சையைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் பெண் எனக்கு அண்ணியாக வாய்த்ததில் எனக்கு ஒரே குதூகலம்.

அண்ணி பூந்தமல்லிக்காரர். தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தார். ஏரிகளையும் கூவத்தையும் மூடிக்கொண்டு மிதக்கிற ஆகாயத்தாமரைதான் அவருடைய பாடம். அந்தச் செடியின் இலையைக் கருகவைக்கும் ஒரு பூஞ்சையை அவர் திருவேற்காட்டில் கூவத்தின் கரையில் முதன்முதலாகப் பார்த்தார். பிறகு ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஏரி ஏரியாகத் தேடி அதையே கண்டார். ஆகாயத்தாமரையை ஒழிக்க உலகமெங்கும் ஆட்கள் திணறிக்கொண்டிருந்த காலம். அதற்கு நோய் தரக்கூடிய ஒன்றை ஒரு பெண் சேற்றில் இறங்கிக் கண்டுபிடித்திருந்தார். அதற்குள் வரன் வந்துவிட்டது. மாப்பிள்ளை ஆவடியில் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர், ஒரே சபை, ஒரே பிரிவு. பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு அருகே எங்கள் வீட்டில் அண்ணியின் வாழ்க்கை அதன் பிறகு வேறு ஓட்டத்தில் ஓடியது. இரண்டு பிள்ளைகள். பக்கத்து நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை. மரப்பெட்டி பீரோவின் மேல்தட்டுக்குப் போயிற்று.

நான் வரலாற்றில் எம்.பில். சேர்ந்தபோது அண்ணியின் சின்னவன் ஒன்றாம் வகுப்பில் இருந்தான். கடற்கரைச் சாலையில் இருந்த பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அதை எல்லோருக்கும் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டுப் புகைப்படத்தில் நான் கறுத்துத் தெரிவதாகச் சொன்னாள். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஜர்னல் எல்லாம் இன்னும் மாடியிலதான் இருக்கா, பாப்பா?"

எனக்கு இருபத்து மூன்று வயதானபோதும் அண்ணிக்கு நான் பாப்பாதான். ஜர்னல் பகுதிக்கு நான் இன்னும் போகவில்லை என்றேன். அண்ணி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பீன்ஸை எடுத்துக்கொண்டார். நான் விடாமல் கேட்டபிறகுதான் அந்த விஷயம் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவரும் பேராசிரியரும் சேர்ந்து அந்தப் பூஞ்சையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி இந்திய ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஜர்னல்காரர்கள் அதில் நிறையக் கேள்விகள் எழுப்பித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்துப் புடவை எடுத்த வாரத்தில் அண்ணி உட்கார்ந்து எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "நான் பாத்துக்கறேன், நீ சந்தோஷமா போயிட்டு வா" என்று சொன்னாராம் பேராசிரியர். பிறகு அவர் ஓய்வு பெற்று நாகர்கோவில் பக்கம் போய்விட்டார். சில ஆண்டுகளில் இறந்தும்விட்டார் என்று பழைய தோழி ஒருத்தி மூலம் செய்தி வந்தது. கட்டுரை என்ன ஆயிற்று என்று தெரியவேயில்லை.

"வந்திருக்காது. வந்திருந்தா சார் எப்படியாவது சொல்லியிருப்பாரு. அது போச்சு" என்றார் அண்ணி. அதைச் சொன்னபோது முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் பீன்ஸ் வழக்கத்தைவிடப் பொடியாக நறுக்கப்பட்டிருந்ததை அன்று சாப்பிடும்போது கவனித்தேன்.

அண்ணி என்னைத் தேடச் சொல்லவில்லை. நானாகத்தான் மறுநாளே மாடி ஏறினேன். ஜர்னல் பகுதிக்கு ஒரு தனி வாசனை உண்டு, பழைய தாளும் பசையும் கடற்காற்றின் உப்பும் கலந்த வாசனை. இரும்பு அலமாரிகளில் ஆண்டுவாரியாக பைண்டு செய்யப்பட்ட தொகுதிகள் நின்றன. முதுகில் தங்க எழுத்து. ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். அண்ணி சொன்ன இந்திய ஜர்னலின் தொகுதிகளை அவருடைய கல்யாண ஆண்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி உள்ளடக்கத்தைப் படித்தேன். என் சொந்தப் பாடமான நிலவரி ஆவணங்கள் கீழ்த்தளத்தில் எனக்காகக் காத்துக்கிடந்தன. பிற்பகல்களில் அவற்றைக் கைவிட்டுவிட்டு, எனக்கு ஒரு வரிகூடப் புரியாத தாவரவியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மிளகாயில் வரும் நோய், நெல்லில் வரும் நோய், வாழையில் வரும் நோய் என்று என்னென்னவோ இருந்தன. அண்ணியின் நோய் இல்லை.

என் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த உதவி நூலகர் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடிச் சங்கிலியைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் கறாரான அம்மா அவர். நடந்ததைச் சொன்னேன்.

"ஒவ்வொரு ஜர்னலா எடுத்துப் புரட்டினா நீ ரிடையர் ஆகற வரைக்கும் புரட்டிட்டே இருக்கலாம்" என்றார். "கட்டுரையை எந்த ஜர்னல்ல போட்டாங்கன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

தெரியாது. அனுப்பிய இடம்தான் தெரியும், வெளிவந்த இடம் தெரியாது. அந்த வித்தியாசம் அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

அவர் என்னை அறையின் கோடியில் இருந்த தாழ்வான அலமாரிகளுக்கு அழைத்துப்போனார். உலகத்தில் எங்கெங்கோ வெளிவருகிற உயிரியல் கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும் திரட்டி ஆண்டுதோறும் போடும் தொகுப்புகள் அங்கே இருந்தன. அவற்றுக்கென்று தனியாக, எழுதியவர் பெயரை வைத்துத் தேடும் அட்டவணைத் தொகுதிகள். பெயரைக் கண்டுபிடித்தால் எதிரே ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துச் சுருக்கத்தைப் பார்த்தால், கட்டுரை எந்த ஜர்னலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இவ்வளவுதான் வித்தை. எனக்கோ யாரோ ஓர் ஊருக்கே திறவுகோல் கொடுத்தது மாதிரி இருந்தது.

பேராசிரியரின் பெயரில்தான் தேடினேன். அந்தக் காலத்தில் மாணவர் எழுதினாலும் பேராசிரியர் பெயர்தான் முன்னால் நிற்கும் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்தேன். எழுத்துகள் கடுகைவிடச் சிறியவை. கல்யாண ஆண்டு, இல்லை. அடுத்த ஆண்டு, இல்லை. அதற்கடுத்த தொகுதிகளில் அவருடைய பெயர் வந்தது, ஆனால் வேறு ஏதேதோ கட்டுரைகள். ஓய்வு பெற்றபின் அவருடைய பெயரே மறைந்துவிட்டது. அத்துடன் நிறுத்தியிருப்பேன். கையில் எடுத்த தொகுதியைத் திருப்பி வைக்குமுன் அடுத்ததையும் பார்த்துவிடுவோமே என்று பிரித்தேன். அங்கே பேராசிரியரின் பெயர் மீண்டும் இருந்தது. ஆனால் எதிரே எண் இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் 'காண்க' என்ற பொருளில் ஒரு சின்ன ஆங்கிலச் சொல். அதன் பக்கத்தில் அண்ணியின் பெயர். அண்ணியின் அப்பாவின் தலைப்பெழுத்தோடு.

இரண்டு பேர் எழுதிய கட்டுரை என்றால் முதல் ஆசிரியரின் பெயரில்தான் எண் இருக்கும், இரண்டாமவர் பெயரில் முதலாமவரைக் காணச் சொல்லும் குறிப்பு மட்டுமே இருக்கும். பேராசிரியர் தன் பெயரை இரண்டாவதாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அது எனக்குப் புரிந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிர் மேசையில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். உதவி நூலகர் தூரத்திலிருந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அண்ணியின் பெயருக்குப் பாய்ந்தேன். எண் இருந்தது. சுருக்கம் இருந்தது. கட்டுரை ஐரோப்பாவிலிருந்து வரும் ஒரு ஜர்னலில் வெளிவந்திருந்தது. இந்திய ஜர்னல் அலைக்கழித்ததில் பேராசிரியர் அதைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார் போலும். அந்த ஜர்னல் அதே நூலகத்தில் உண்டு என்று அட்டைப் பட்டியல் சொன்னது. இன்னும் சில அலமாரி தள்ளி நடந்தால் எடுத்துப் பார்த்துவிடலாம். நான் போகவில்லை. அந்தப் பக்கத்தை முதலில் திருப்ப வேண்டியது என் கை அல்ல என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணி நம்பவில்லை. "அதே பேருல வேற யாராவது இருப்பாங்க" என்றார். சுருக்கத்தை என் கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். வாங்கிப் படித்தார். படித்துவிட்டு எழுந்துபோய்ப் பால் காய்ச்சினார். ஏற்கெனவே காய்ச்சிய பாலை.

அந்த வாரமே உதவி நூலகர் அண்ணிக்கு ஒரு நாள் அனுமதிச் சீட்டு எழுதித் தந்தார். அண்ணி பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். ஆவடியைத் தாண்டும்போது மட்டும் ஒரு குட்டையில் ஊதாப் பூவோடு மிதந்த ஆகாயத்தாமரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாடி ஏறி, அலமாரிக்கு முன் போய் நின்றோம். கட்டுரை வந்த ஆண்டுக்கு முந்தைய தொகுதி இருந்தது. பிந்தைய ஆண்டுத் தொகுதியும் இருந்தது. நடுவில் ஓர் இடைவெளி.

உதவி நூலகர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த ஆண்டின் இதழ்கள் உதிரியாகவே கிடந்து இப்போதுதான் பைண்டிங்குக்குப் போயிருக்கின்றனவாம். எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அண்ணிதான் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கோம். அது நம்மளுக்காக உட்கார்ந்துட்டா இருக்கும்? வா, பீச்சுக்குப் போய் சுண்டல் சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார்.

அண்ணன் அதிகம் பேசாத மனிதர். அன்று மாலை வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவருக்கு இந்த ஜர்னல், கட்டுரை எதுவும் தெரியாது. மனைவி கல்யாணத்துக்கு முன் செடி ஆராய்ச்சி செய்தார் என்பது மட்டும் தெரியும்.

"உம் பேரு போட்டு அச்சடிச்சு வந்துகீது. ஆனா நீ இன்னும் பாக்கல. அதானே?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"எந்த பைண்டிங்குக்குப் போய்கீதாம்?"

அதை நாங்கள் கேட்கவே இல்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் நான் போய் உதவி நூலகரிடம் கேட்டதற்கு, ஒப்பந்தக்காரரின் பட்டறை அம்பத்தூரில் இருக்கிறது என்றார். அம்பத்தூர் என்றால் எங்கள் ஊரிலிருந்து சில ஸ்டேஷன்கள்தான். கடற்கரை வரைக்கும் போய்த் தேடியது எங்கள் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. "பார்க்கலாம், தப்பில்லை. ஆனா ஒரு தாள் மடங்கினாலும் உன்னைத்தான் கேட்பேன்" என்று சொல்லிவிட்டு, பட்டறைக்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தார் உதவி நூலகர்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அண்ணன் அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் எங்களுக்காக நின்றார். தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. உள்ளே மைதாப் பசை வாசனை. சிவப்பிலும் பச்சையிலும் காலிகோ துணிச் சுருள்கள் சாய்ந்து நின்றன. கூரை உயரத்துக்கு உதிரி இதழ்கள், கயிறு கட்டிய கட்டுகளாக அடுக்கியிருந்தன. பெண்கள் சிலர் தரையில் உட்கார்ந்து பெரிய ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை எதிர்கொண்டார்.

"இன்னா சார், கல்யாணப் பத்திரிகையா? அது பக்கத்துத் தெரு பிரஸ்ல."

"பத்திரிகை இல்லீங்க. ஒரு புக்கு பாக்கணும். என் சம்சாரம் எழுதுனது உங்க கைல கீது" என்றார் அண்ணன்.

பட்டறைக்காரர் துண்டுச் சீட்டைப் படித்தார். பிறகு அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையில் அவமதிப்பு இல்லை, அசல் ஆச்சரியம்தான் இருந்தது. "நானும் எத்தினியோ வருஷமா இதை பைண்டு பண்ணிகினு கீறேன்மா. இதெல்லாம் யாருதான் படிக்கிறாங்கன்னு நெனச்சுக்குவேன். படிக்கிறவங்களே வந்ததில்ல. எழுதுனவங்களே வந்துட்டீங்க" என்றார். தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கட்டைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பட்டறைக்காரரோடு சேர்ந்து கட்டுகளைத் தூக்கி இறக்கினார். ஒருவழியாக அடியில் இருந்து அது வந்தது. இன்னும் தைக்கவில்லை. பட்டறைக்காரர் மேசையைத் துணியால் துடைத்து, ஒரு முக்காலியைப் போட்டு, "உக்காந்து பாரும்மா. தச்சதுக்கு அப்புறம் பாத்தா நடுவுல எழுத்து முழுங்கிக்கும். இப்பதான் நல்லா விரிஞ்சு தெரியும்" என்றார்.

அண்ணி முக்காலியில் உட்கார்ந்து கையை இரண்டு முறை புடவையில் துடைத்துக்கொண்டார். பக்க எண்ணை என்னிடம் கேட்கவில்லை, மனப்பாடமாகவே வைத்திருந்தார். திருப்பினார். அது அங்கே இருந்தது. தலைப்பு, அதன் கீழே அவர் பெயர், அதன் கீழே பேராசிரியர் பெயர். அடுத்த பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம். அண்ணி கையால் வரைந்த பூஞ்சையின் படம். "இதை நான் ராத்திரி முழுக்க வரைஞ்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் படிக்கத் தொடங்கினார். நாங்கள் நிற்பதை மறந்து, வாய்க்குள்ளேயே உச்சரித்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். கல்யாண வாரத்தில் அவர் எழுதிக் கொடுத்த பதில்கள் எல்லாம் அந்தக் கட்டுரைக்குள் அப்படியே சேர்க்கப்பட்டிருந்தன.

அண்ணன் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி அண்ணியின் பெயரைப் படித்தார். பிறகு பேராசிரியரின் பெயரருகே விரலை வைத்தார். அங்கே மிகச் சிறிதாக ஒரு சிலுவைக் குறி இருந்தது.

"சிலுவை போட்டுகீறாங்க. உங்க சார் நம்மாளா?"

"இல்லீங்க" என்றார் அண்ணி. "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே இறந்துட்டாருன்னு அர்த்தம்."

அதுதான் விஷயம். தன் பெயரைப் பின்னால் போட்டு, கட்டுரையைக் கடல் தாண்டி அனுப்பிய மனிதர் அது வெளிவந்ததைப் பார்க்கவில்லை. சொல்லியனுப்ப ஆள் இல்லாமல் போனது அதனால்தான். அண்ணி அந்தக் குறியின் மேல் விரல் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. "நான் பாத்துக்கறேன்னு சொன்னாரு. பாத்துக்கிட்டாரு" என்றார். பட்டறைக்காரர் எல்லோருக்கும் டீ சொன்னார். தைக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, கை படாமல், அந்தப் படத்தைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி, "அழகா கீதும்மா, கோலம் மாதிரி" என்றாள்.

அம்மா இதை விடுவதாக இல்லை. அடுத்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தினாள். மகனுக்குப் பதவி உயர்வு, மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று மற்றவர்களின் நன்றிகளை வாசித்துக்கொண்டே வந்த போதகர், எங்கள் துண்டுத் தாளுக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆகாயத்தாமரையில் உண்டாகும் பூஞ்சையைப் பற்றி நம்முடைய சகோதரி எழுதிய கட்டுரை அயல்நாட்டுப் பத்திரிகையிலே வெளிவந்த நன்மைக்காக" என்று கணீரென்று வாசித்தார். ஆராதனை முடிந்ததும் பெண்கள் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பத்திரிகை வாராவாரம் வருமா, கடையில் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். ஒரு மூத்த அம்மாள் அண்ணியை ஓரமாக அழைத்துப்போய், தன் கணவரின் கால் விரல் இடுக்கில் இருக்கும் பூஞ்சைக்கு என்ன செய்யலாம் என்று ரகசியமாகக் கேட்டார். மரப்பெட்டியை நகைப்பெட்டி என்று நினைத்த அம்மா, அன்று பக்கத்தில் நின்றுகொண்டு, "ஊறுகாயில வர்றது வேற, இது வேற" என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

பைண்டு ஆகித் தொகுதி நூலகத்துக்குத் திரும்பியதும் அண்ணி அதை ஜெராக்ஸ் எடுக்கப் போனார். உதவி நூலகர் அவரை விடவில்லை. ஒரு கட்டுரையைப் பிறகு யார் யார் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று தேடும் வேறோர் அட்டவணையை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். சூடானில் ஒருவரும் அமெரிக்காவில் இருவரும் அண்ணியின் கட்டுரையைத் தங்கள் கட்டுரைகளில் குறிப்பிட்டிருந்தார்கள். ரயிலில் திரும்பி வரும்போது அண்ணி அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "நான் இங்க பீன்ஸ் நறுக்கிட்டிருக்கேன். நைல் நதிக் கரையில ஒருத்தர் என்னோட பேசிட்டிருந்திருக்காரு. எனக்குத்தான் காதுல விழல."

அடுத்த ஆண்டு அண்ணி பகுதி நேர ஆராய்ச்சி மாணவியாகப் பதிவு செய்தார். வழிகாட்டியாக வந்த பேராசிரியை முதலில் தயங்கினாராம், இத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு முடியுமா என்று. ஜெராக்ஸ் பிரதியை வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாராம். அதன் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மாறிவிட்டன. ஆராதனை முடிந்ததும் அண்ணனும் அண்ணியும் பருத்திப்பட்டு ஏரிக்குப் போவார்கள். அண்ணன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கி, அண்ணி கரையிலிருந்து காட்டும் இலைகளைப் பறித்து பிளாஸ்டிக் பைகளில் போடுவார். தொழிற்சாலை நண்பர் ஒருவர் சைக்கிளில் போகும்போது பார்த்துவிட்டு, "இன்னா மாமே, கீரை பறிக்கிறியா?" என்று கேட்டதற்கு, அண்ணன் தண்ணீருக்குள் நின்றபடியே, "ஆராய்ச்சி பண்ணிகினு கீறேன்" என்றாராம். அந்தப் பெயர் தொழிற்சாலையில் அவருக்கு நிலைத்துவிட்டது. ஓய்வு பெறும் நாள்வரை அவரை 'ஆராய்ச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அண்ணி டாக்டர் பட்டம் வாங்கினார், கல்லூரி ஒன்றில் கற்பித்தார், ஓய்வும் பெற்றுவிட்டார். இன்று அவருடைய பேத்தி கைபேசியில் பெயரைத் தட்டினால், அவர் எழுதிய அத்தனை கட்டுரைகளும் கண் சிமிட்டும் நேரத்தில் வந்து நிற்கின்றன. நாங்கள் மாதக்கணக்கில் ரயிலேறி, மாடியேறி, கட்டுகளை இறக்கித் தேடியதைச் சொன்னால் அவளுக்கு வேடிக்கையாக இருக்கிறது. எளிதாகக் கிடைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்லதுதான். ஆனால் அந்தப் பேத்தியின் திரையில் எல்லாக் கட்டுரைகளும் ஒரே பெயரின் கீழ் வரிசையாக நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மாலையில் முடிவானது.

அண்ணியின் இரண்டாவது கட்டுரை டைப்பிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்திருந்தது. மறுநாள் தபாலில் அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் அட்டையிலும் பள்ளிப் பதிவேட்டிலும் அண்ணியின் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து போய் அண்ணனின் எழுத்து வந்திருந்தது, எல்லாப் பெண்களுக்கும் வருகிற மாதிரி. கட்டுரையிலும் அண்ணனின் எழுத்தைத்தான் போட்டிருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல முதல் பக்கத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் பெயரைப் படித்தார்.

"மொதல் கட்டுரையில வேற இனிஷியல் இருந்துச்சே."

அப்போது அது அப்பா பெயர் என்றார் அண்ணி.

"அப்ப அந்த தடி புக்குல, தேடுற புக்குல, எப்டி வரும்?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டு வெவ்வேறு ஆட்களாகத்தான் வரும் என்றேன். எழுத்து மாறினால் இடம் மாறும். முதல் கட்டுரையை எழுதியவர்தான் இதையும் எழுதினார் என்று சூடானில் இருப்பவருக்குத் தெரியாது.

சமையலறை வாசலில் இருந்த அம்மா, "கல்யாணமான பொண்ணுக்குப் புருஷன் பேருதானே போடுவாங்க" என்றாள்.

"ரேஷன் கார்டுல கீதும்மா என் பேரு. அது போதும்" என்றார் அண்ணன். பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னார்: "உங்க நைனா எழுத்தையே போடு. உன்னைத் தேடிகினு வர்றவன் ரெண்டு எடத்துல அலையக் கூடாது."

அண்ணி பேனாவை எடுத்து, அண்ணனின் எழுத்தை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே தன் அப்பாவின் எழுத்தை எழுதினார். மை காயும்வரை ஊதினார். அடித்தல் திருத்தலோடு அனுப்பக் கூடாதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அண்ணன் அந்தப் பக்கத்தைச் சட்டைக்குள் மடங்காமல் செருகிக்கொண்டு, இன்ஸ்டிடியூட் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.